இரண்டு பேரும் இறங்கி வராவிட்டால் அதற்கு என்ன பெயர்?

இரு தரப்பும் விட்டுக்கொடுக்காமல் நிற்பதற்குத் தமிழில் என்ன சொல் என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுவாக ‘இழுபறி’ போதும்; தொகுதிப் பங்கீடோ சம்பளப் பேச்சுவார்த்தையோ, செய்தித்தாளில் அதுதான் வரும்.

‘முட்டுக்கட்டை’ வேறு. மயிலாப்பூரில் பங்குனித் தேர் வரும்போது பாருங்கள், சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகித்தான் நிறுத்துவார்கள். ஆகவே ஒரு தரப்பு மட்டும் தடுத்தாலே அது முட்டுக்கட்டைதான்.

திருவல்லிக்கேணிச் சந்தில் ஆட்டோவும் ‘குட்டியானை’ லோடு வண்டியும் எதிரெதிரே வந்து, “நீ ரிவர்ஸ் எடு”, “நீ எடுய்யா” என்று இன்ஜினை அணைத்துவிட்டு நிற்பார்களே, அதற்கு ‘விடாக்கண்டன் கொடாக்கண்டன்’ என்பதே பொருத்தம். கேட்பவன் விடமாட்டான், கொடுக்க வேண்டியவன் கொடுக்கமாட்டான். இரண்டு ஆளும் சொல்லுக்குள்ளேயே இருப்பதால் எனக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும். ‘வீம்பு’ ஒற்றை ஆளின் குணம், இங்கே சேராது.