மேலாளருக்குப் பேச்சுத் தமிழில் எழுதலாமா?

கேள்வி: வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் மேலாளரே ‘ஓகேப்பா, பாத்துக்கலாம்’ என்றுதான் எழுதுவார். நான் ‘தங்கள் தகவல் கிடைக்கப் பெற்றேன்’ என்று எழுதினால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சரி என்று, மூத்தவர் ஒருவருக்கு ‘சரி, பாத்துட்டு சொல்றேன்’ என்று அனுப்பினேன். ‘மரியாதை தெரியாதா?’ என்று கோபித்துக்கொண்டார். பேச்சுத் தமிழில் எழுதலாமா, கூடாதா? அவருக்கு மன்னிப்புக் கடிதம் கொடுக்க வேண்டுமா?

பதில்: எழுதலாம். அன்றாடச் செய்திக்குப் பேச்சுத் தமிழே போதும். ‘கிடைக்கப் பெற்றேன்’ என்பதற்குச் சிரிப்பு வந்ததில் எனக்கு வியப்பில்லை.

உங்கள் செய்தியில் விட்டுப்போனது இலக்கணம் அல்ல, ‘ங்க’. ‘சரிங்க, பாத்துட்டு சொல்றேன்’ என்று எழுதியிருந்தால் அவர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். பேச்சுத் தமிழில் மரியாதை இல்லை என்று யார் கிளப்பிவிட்டார்களோ! நேரில் என்றால் வெறும் ‘சரி’யைக் குரலும் முகமும் சமாளித்துவிடும். திரையில் அது மொட்டையாக நிற்கும். இன்னொன்று, மேலாளர் ‘ப்பா’ போடுகிறார் என்று நீங்களும் போட்டுவிடாதீர்கள். அது ஒருவழிப் பாதை.

எழுத்துத் தமிழை யாரும் வீட்டில் பேசி வளர்வதில்லை, படித்துத்தான் வருகிறது. ஒரே மொழி பேச்சுக்கு ஒரு வடிவம், எழுத்துக்கு ஒரு வடிவம் என்று இரண்டாக வழங்குவதை இரட்டை வழக்கு என்பார்கள். அது பற்றி 1959-இல் கட்டுரை எழுதிய மொழியியலாளர் சார்லஸ் பெர்குசனும் அதன் அடையாளங்களில் ஒன்றாக இதைச் சொல்கிறார். எனவே தடுமாற்றம் உங்கள் குறை அல்ல. பள்ளியில் ஆண்டுக்கணக்கில் விடுப்பு விண்ணப்பம் எழுத வைத்து மதிப்பெண் போட்டார்கள். இரண்டு வரிச் செய்தி எழுத யாராவது சொல்லித் தந்தார்களா?

பணம், பொருள், பொறுப்பு சம்பந்தப்பட்டால் மட்டும் எழுத்துத் தமிழுக்கு மாறுங்கள். ‘பில் அனுப்பியாச்சு’ என்று குழுவில் போடுகிறீர்கள். அனுப்பியது யார்? ‘ஆச்சு’வில் ஆள் இல்லை. இரண்டு மாதம் கழித்துத் தகராறு வந்தால், நீங்கள் அனுப்பினீர்களா, வேறு யாரோ அனுப்பியதைச் சொன்னீர்களா என்று அந்த வரி காட்டாது. ‘பில்லை இன்று காலை அனுப்பிவிட்டேன்’ என்றால் ‘ஏன்’ விகுதியிலேயே நீங்கள் இருக்கிறீர்கள்.

அப்புறம், மாதிரிக் கடிதம் விற்பவர்கள். உங்களைப் போல் தடுமாறுகிறவர்கள்தான் இவர்களுக்கு வாடிக்கை. ‘சமர்ப்பித்துக்கொள்வது யாதெனில்’ என்று ஆரம்பித்து முக்கால் பக்கம் ஓட்டிக் காசு வாங்கிவிடுவார்கள். என்னிடம் திருத்த வந்த ஒரு கடிதத்தில், அதற்கு முன் அதே கடிதத்தை வாங்கியவரின் பெயர் அப்படியே இருந்தது! அதைப் படித்துப் பார்த்த அதிகாரி என்ன நினைத்திருப்பார்? இந்த நடைதான் மரியாதை என்று அலுவலகங்களும் பழக்கி வைத்திருக்கின்றன. ‘மேற்படி பொருள் தொடர்பாக, பார்வையில் காணும் கடிதத்தின்படி’ என்று அவர்கள் எழுதும்வரை இந்த வியாபாரம் படுக்காது. உங்களுக்கு வேண்டியதை நாலு வரியில் நீங்களே எழுதுங்கள்.

முறையான கடிதத்திலும் ஓரிடத்தில் பேச்சு வழக்கை மாற்றவே கூடாது. ஒருவர் உங்களைத் திட்டியதைப் புகாராக எழுதும் இடம் அது. கூச்சப்பட்டு ‘தகாத வார்த்தையால் பேசினார்’ என்று எழுதிவிடுகிறார்கள். எந்த வார்த்தை? விசாரிப்பவருக்கு அதுதான் வேண்டும். ஒருவர் ‘போடா வெளியே’ என்று சொன்னதை, ‘வெளியே செல்லுமாறு கூறினார்’ என்று எழுதிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். எதிராளிக்கு வேலை மிச்சம். ‘ஆமாம், வெளியே போகச் சொன்னேன், அதில் என்ன?’ என்று முடித்துக்கொண்டார். குற்றம் முழுக்க அந்த ‘டா’வில் இருந்தது, அதைத்தான் இவர் திருத்தி அழகாக்கிவிட்டார். சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வதை நன்னூல் இடக்கரடக்கல் என்று தகுதி வழக்கில் சேர்க்கிறது. ‘கால் கழுவி வந்தான்’ என்பதற்கு அது சரி, புகாருக்குச் சரிவராது. கேட்ட சொல்லைக் கேட்டபடியே, வட்டார உச்சரிப்போடு, மேற்கோள் குறிக்குள் போடுங்கள். நாள், நேரம், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையும் சேருங்கள். மேற்கோள் முடிந்ததும் எழுத்துத் தமிழுக்குத் திரும்பிவிடுங்கள். உங்கள் கோபம் உங்கள் வாக்கியத்தில் வழிய வேண்டாம்.

மன்னிப்புக் கடிதமெல்லாம் வேண்டாம், கொடுத்தால் சின்ன விஷயம் கோப்பாகிவிடும். நேரில் போய், ‘அன்னைக்கு அவசரத்துல அனுப்பிட்டேன் சார், தப்பா எடுத்துக்காதீங்க’ என்று சொல்லுங்கள்.