டிரம்மில் மண்ணுளிப் பாம்பு, வாசலில் தரகர்

கேள்வி: கடலைக் காட்டில் வரப்பைச் சீர்செய்யும்போது, இரண்டு பக்கமும் தலை மாதிரி இருக்கும் ஒரு பழுப்புப் பாம்பு கிடைத்தது. மாமனார் அதைப் பிடித்துப் பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு வைத்திருக்கிறார். மறுநாளே ஒருவர் வந்து, 2.5 கிலோ எடை வந்தால் பல லட்சத்துக்கு எடுக்க ஆள் இருக்கிறது, அதுவரை யாரிடமும் மூச்சு விடாதீர்கள் என்கிறார். கம்பெனிக்காரர்கள் வந்து பார்க்கும் செலவுக்கு 20,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. இது நக்கினால் குஷ்டம் வரும் என்றும் சொல்கிறார்கள். வனத்துறையிடம் சொன்னால் நம் மீதே கேஸ் போட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: உங்களுக்கு அன்றே போனில் சொல்லிவிட்டேன். இதே கதை ஊர் பெயர் மட்டும் மாறித் திரும்பத் திரும்ப என்னிடம் வருவதால், மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

முதலில் குழந்தை. நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது மண்ணுளிப் பாம்பு. விஷம் கிடையாது. எலியைச் சுற்றி இறுக்கித் தின்னும் பாம்பு, அதனால் உங்கள் காட்டுக்கு நல்லதுதான் செய்துகொண்டிருந்தது. குஷ்டம் என்பது ஒரு பாக்டீரியாவால் வரும் நோய், மருந்து சாப்பிட்டால் முழுதாகக் குணமாகும். பாம்பின் நாக்குக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இரண்டு தலையும் இல்லை. ஒரு முனையை உற்றுப் பாருங்கள். மண்ணைக் கிளற வசதியாக மூக்கு மண்வெட்டி மாதிரி சப்பையாக இருக்கும், அதற்கு மேலே கடுகளவு கண். அதுதான் தலை. மொண்ணையான மறு முனை வால். ஆபத்து என்றால் தலையை உடம்புக்கு அடியில் ஒளித்துக்கொண்டு வாலைத் தூக்கிக் காட்டும். கடிக்க வருகிற விலங்கு வாலைத்தான் கடிக்கும். வளர்ந்த பாம்புகளின் வாலில் பழைய தழும்புகள் இருப்பது அதனால்தான். அந்த வாலில் சூடு வைத்துக் கண், வாய் மாதிரி செய்து வித்தை காட்டுபவர்களும் உண்டு. அந்தக் கொடுமையைப் பார்த்துத்தான் பலர் 'இருதலை'யை நம்புகிறார்கள்.

இப்போது வாசலில் நிற்பவர். தயவுசெய்து இதை நன்றாகக் கேளுங்கள். இந்தப் பாம்பை லட்சம் கொடுத்து வாங்கி ஒருவர் எதுவும் செய்ய முடியாது. இதிலிருந்து புற்றுநோய்க்கு மருந்தும் வராது, ஆண்மையும் வராது, புதையலும் தெரியாது. இரிடியம், ரைஸ் புல்லிங் (அரிசியை இழுக்கும் அதிசயக் கலசம்) என்று ஊர் ஊராக ஏமாற்றினார்களே, அதே பேச்சு, அதே கோட்டு சூட்டு ஆள், அதே போலிச் சான்றிதழ். எந்த எடையில் கொண்டுபோனாலும் இன்னும் கொஞ்சம் குறைகிறது என்பார்கள். அந்த எடைக்காகப் பாம்பின் வாயில் இரும்புக் குண்டைத் திணித்துக் கொன்றவர்கள் இருக்கிறார்கள். முன்பணம் கொடுத்த பிறகு போன் சுவிட்ச் ஆஃப். நீங்கள் போலீசுக்கும் போக முடியாது, ஏனென்றால் டிரம் உங்கள் வீட்டில் இருக்கிறது. "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று அவர் சொன்னது இதற்காகத்தான்.

இது சின்ன விஷயமும் இல்லை. 2016 முதல் 2021 வரை செய்திகளில் வந்தவற்றை மட்டும் வைல்ட்லைஃப் கன்சர்வேஷன் சொசைட்டியின் இந்தியப் பிரிவு எண்ணியபோதே 172 கடத்தல் சம்பவங்கள் கிடைத்தன. அப்படிப் பிடிபடுவது யார்? பெரும்பாலும் கடைசியில் பையைத் தூக்கிக்கொண்டு போனவர். பேச்சு பேசிய தரகர் அடுத்த ஊரில் அடுத்த வாசலில் நிற்கிறார். இத்தனை வருடமாகியும் அந்தத் தரகர்களின் சங்கிலியை யாரும் ஒழுங்காகப் பிடித்து இழுக்கவில்லை என்பது எனக்கு ஆறாத கோபம்.

சட்டம் என்ன சொல்கிறது? வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி இதைப் பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாமே குற்றம். காட்டு விலங்கு ஒன்று கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். நாமாகத் தெரிவிப்பது வேறு, சோதனையில் சிக்குவது வேறு. வனச்சரக அலுவலகத்துக்குப் போன் செய்து, பேசியவர் பெயரையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஏன் இவ்வளவு என்றால், ஒரு முறை என் மூலம் தகவல் சொன்ன விவசாயியிடம் "நீங்களே சாக்கில் கட்டிக் கொண்டுவாருங்கள்" என்று சொல்லி, பிறகு "யாரைக் கேட்டுக் கொண்டுவந்தீர்கள்" என்று மூன்று நாள் அலையவிட்டார்கள். அவர்களே வந்து எடுத்துப் போகட்டும். தரகரின் போன் நம்பரையும் அப்போதே கொடுத்துவிடுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். மண்ணுளி என்றால் பயமில்லை என்று நான் சொன்னது, படத்தில் இருந்த வழுவழுப்பான, ஒரே நிறமுள்ள பாம்புக்கு. மண்ணுளியிலேயே சொரசொரப்பான செதிலும் திட்டுத் திட்டான கறையும் கொண்ட இன்னொரு வகை இருக்கிறது. அதற்கும் விஷமில்லை. ஆனால் கண்ணாடி விரியனைப் பார்த்து அதுதான் என்றும், மலைப்பாம்புக் குட்டி என்றும் நினைத்துக் கையில் எடுத்தவர்கள் உண்டு. மண்ணுளியின் திட்டுகள் ஒழுங்கில்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக் கோணல்மாணலாக ஓடும், கழுத்து தனியாகத் தெரியாது, வால் குட்டையாக இருக்கும். விரியனுக்கு முதுகில் சங்கிலி கோத்தது போல முட்டை வடிவ வளையங்கள் வரிசையாக இருக்கும், தலை கழுத்தைவிட அகன்று முக்கோணமாக இருக்கும், குக்கர் மாதிரி சீறும். இதைப் படித்துவிட்டு யாரும் கிட்டே போய்ச் சரிபார்க்க வேண்டாம். உடம்பில் புள்ளியோ கறையோ தெரிந்தால் விரியன் என்றே வைத்துக்கொண்டு விலகி நில்லுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், 108-ஐக் கூப்பிட்டு விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

பூந்தொட்டியிலும் குளியலறை ஓரத்திலும் மண்புழு மாதிரி மினுமினுவென்று நெளிவது புழுப்பாம்பு. எறும்பு, கரையான் முட்டைகளைத் தின்னும், அவ்வளவுதான். காகிதத்தில் ஏற்றித் தோட்டத்து மண்ணில் விட்டுவிடலாம்.

வனத்துறையினர் வரும்வரை டிரம்மை நிழலில் வையுங்கள். நான்கு விரல் உயரத்துக்கு உலர்ந்த மணல் போடுங்கள், மூடியில் சின்னத் துளைகள் போதும். பால் ஊற்ற வேண்டாம், எலி பிடித்துப் போடவும் வேண்டாம். மணலைப் போட்டதும் தானாகவே உள்ளே புகுந்துகொள்ளும். காணவில்லையே என்று யாரும் கையை விட்டுத் துழாவாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.