அது மயக்கமில்லை, விரதம்

கேள்வி: நான் கத்தோலிக்கப் பெண். கணவர் வீட்டார் இந்துக்கள். ஆயரின் அனுமதியோடு எங்கள் கத்தோலிக்கக் கோயிலில்தான் கலியாணம் நடந்தது, பதினோரு வருஷம் ஆகிறது. போன மாதம் மகளுக்குப் புதுநன்மை, நற்கருணை அப்பத்தை முதல்முறை வாங்கும் நாள். மாமியாரும் வந்திருந்தார். விடியற்காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டார். இட்லி வைத்தும் சாப்பிடவில்லை, சர்க்கரை மாத்திரையும் போடவில்லை. அந்த மயக்கத்திலோ என்னவோ, நன்மை வாங்குகிற வரிசையில் கையை நீட்டிக்கொண்டு வந்து நின்றுவிட்டார். சாமியார், 'நீங்க கத்தோலிக்கராம்மா?' என்று கேட்டு, நெற்றியில் சிலுவை மட்டும் போட்டு அனுப்பினார். எல்லார் முன்னாலும் அவமானமாகிவிட்டது. அதிலிருந்து அத்தை கோயில் பக்கமே வருவதில்லை. கடவுள் முன்னால் இந்தப் பாகுபாடு எதற்கு? அடுத்த முறை அவருக்கும் கொடுக்கும்படி சாமியாரிடம் கேட்கலாமா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: கேட்காதீர்கள். சாமியார் செய்தது சரி. நன்மை போன்ற அருள்சாதனங்களைக் கத்தோலிக்கருக்கே கொடுக்க வேண்டும் என்கிறது 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத்தின் 844-ஆம் பிரிவு. விதிவிலக்குகள் சில உண்டு, அவையும் ஞானஸ்நானம் பெற்ற பிற சபையாருக்குத்தான். உங்கள் தெருவில் ஒரு சி.எஸ்.ஐ. அக்கா இருந்தால் அவருக்கும் சாதாரணமாக நம் பூசையில் நன்மை கிடையாது. ஆகவே சாமியாரை விடுங்கள். உங்களிடம்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது.

இட்லி வைத்தும் சாப்பிடவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டீர்களா? கேட்கவில்லை. 'மயக்கத்திலோ என்னவோ' என்று நீங்களே ஒரு காரணத்தை ஒட்டவைத்துவிட்டீர்கள். ஒரு வயதான பெண்மணி விடியற்காலையில் தலைக்குக் குளித்து, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கோயிலுக்குக் கிளம்பினால் நம் ஊரில் அதற்குப் பெயர் என்ன? விரதம் அம்மா. பேத்தி முதல்முதலாகச் சாமி வாங்கப் போகிறாள் என்று பாட்டி விரதம் இருந்திருக்கிறார். நீங்கள் அன்று காலை எத்தனை இட்லி சாப்பிட்டீர்கள்?

என் பாட்டி அந்தக் காலத்து ஆள். பூசைக்கு முந்தின ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் தண்ணீர்கூடத் தொடமாட்டாள். குடத்தைத் தட்டால் மூடி, தட்டின் மேல் ஜெபமாலையை வைத்துவிட்டுப் படுப்பாள், தூக்கக் கலக்கத்தில் கை போய்விடக் கூடாதென்று. நன்மை வாங்குமுன் இருக்கும் இந்த உபவாசத்தில் 1953-இல் தண்ணீர் குடிக்கலாம் என்றார்கள். 1957-இல் மூன்று மணி நேரம் போதும் என்றார்கள். 1964-இல் அது ஒரு மணி நேரமாயிற்று. இப்போது கிளம்பும்போது காபியைக் குடித்துவிட்டு வருகிறோம், பிரசங்கம் நீண்டால் கணக்குச் சரியாகிவிடும் என்ற தைரியத்தில். நம் கிழவிகளோடு போன அந்த உபவாசத்தை அன்று உங்கள் வீட்டில் பிடித்தவர் ஒரே ஒருவர். அவருக்கு ஞானஸ்நானம் இல்லை.

கையை நீட்டியதிலும் மயக்கம் ஏதுமில்லை. அவர் கும்பிட்டு வளர்ந்த கோயில்களில் வரிசை நகரும், கையை நீட்டினால் திருநீறோ தீர்த்தமோ சர்க்கரைப் பொங்கலோ விழும். இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறார். இது வேறு என்று பதினோரு வருஷத்தில் நீங்கள் ஒரு நாளாவது சொன்னீர்களா? மகள் புதுநன்மைக்காக வீட்டில் உட்கார்ந்து மந்திரங்களை மனப்பாடம் செய்திருப்பாள். பாட்டி காதிலும் விழுந்திருக்கும். அப்போதாவது பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். மதம் பேசினால் மனஸ்தாபம் வரும் என்று வாயை மூடிக்கொண்டு, அதற்கு நாகரிகம் என்று பெயர் வைத்துக்கொள்கிற மருமகள்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்று. ஆயரிடம் அனுமதி வாங்கும்போது, பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் ஆனதையெல்லாம் செய்வேன் என்று வாக்குக் கொடுத்திருப்பீர்கள். அதை உங்கள் கணவருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. மாமியாருக்குத் தெரியப்படுத்த எந்தச் சட்டமும் இல்லை. தன் பேத்தி வேறு கோயிலில் முழங்கால் போட்டு வளர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அந்தக் கோயிலுக்கே விரதமிருந்து வந்திருக்கிறார். அப்படிப்பட்டவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லவேண்டிய கடன் உங்களுக்கு உண்டு. பெற்ற மகனுக்கு அதைவிட உண்டு. ஆமாம், கடிதத்தில் அந்த மனிதரையே காணோமே? வண்டி நிறுத்தப் போனவர் இன்னும் திரும்பவில்லையா?

இன்று சாயங்காலமே அத்தை பக்கத்தில் போய் உட்காருங்கள். 'எம்மதமும் சம்மதம்' என்று மழுப்ப வேண்டாம். கருவறைக்குள் போக முடியாது என்று தெரிந்தே வாசலில் நின்று கும்பிட்டவருக்கு விதி புதிதல்ல. இப்படிச் சொல்லுங்கள்: "அத்தை, அது பிரசாதம் இல்ல. எங்களுக்கு அது சேசுவேதான். ஞானஸ்நானம் வாங்கி, படிச்சு, பாவசங்கீர்த்தனம் பண்ணின பிறகுதான் உங்க பேத்திக்கே கொடுத்தாங்க. நீங்க விரதம் இருந்து வந்தது எனக்குப் புரியல. முன்னாடியே சொல்லாதது என் தப்பு." கடைசி வாக்கியத்தை விழுங்கிவிடாதீர்கள்.

நன்மை ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அவருக்குத் திறந்துதான் கிடக்கிறது. ஜூலை 26 கொடியேற்றம் முதல் ஆகஸ்ட் 5 வரை உங்கள் ஊர்ப் பனிமய மாதாவிடம் எத்தனை இந்துப் பெண்கள் வருகிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மெழுகுவத்தி கொளுத்தவும், ஜெபமாலை சொல்லும்போது கூட உட்காரவும், அசனத்தில் சாப்பிடவும் யாரும் ஞானஸ்நானச் சீட்டுக் கேட்பதில்லை. பூசை முடிந்ததும் பேத்தியோடு அவரைச் சாமியாரிடம் அழைத்துப் போங்கள். முந்தின நாளே சாமியாரிடம் விஷயத்தைச் சொல்லிவைத்தால், அதே சிலுவையை நெற்றியில் இன்னொரு முறை நிதானமாகப் போட்டுவிடுவார்.

சர்க்கரைக்காரர் பட்டினி கிடப்பது ஆபத்து. வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அந்த ஒரு மணி நேரக் கட்டுப்பாடுகூடச் சபையில் கிடையாது, அதையும் சொல்லுங்கள். கேட்காவிட்டால் டாக்டரிடம் கூட்டிப் போய் அவர் வாயால் சொல்ல வையுங்கள். அவர் இட்லி சாப்பிடட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை விரதத்தை நீங்கள் பிடியுங்கள்.