ஆறு மேடேறாது: கற்பனை உலக வரைபடங்கள், கேள்வி பதில்

கேள்வி: மாயாஜால நாவல் ஒன்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதலில் கதையை முடிக்கவா, வரைபடத்தை வரையவா?

பதில்: வரைபடம்தான் முதலில். ஆனால் பென்சிலில், அரைகுறையாக. பாத்திரங்கள் போய்வரும் ஏழெட்டு இடங்களும் அவற்றை இணைக்கும் வழிகளும் போதும். மற்றதெல்லாம் வெறும் தாளாகவே கிடக்கட்டும். 1881இல் எழுத்தாளர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் பொழுதுபோக்காகத் தீட்டிய ஒரு தீவின் படத்திலிருந்துதான் ‘ட்ரெஷர் ஐலண்ட்’ நாவல் முளைத்தது. பதிப்பகத்துக்கு அனுப்பிய அந்தப் படம் தொலைந்துபோனது. கதையில் வரும் திசை, தூரங்களையெல்லாம் பட்டியலிட்டு, அதற்கு ஒத்துப்போகும்படி மறுபடி வரைய நேர்ந்தது. கடைசிவரை அந்த இரண்டாவது படத்தோடு அவருக்கு ஒட்டுதல் வரவில்லை. கதைக்குப் பிறகு வரைகிறவர்களுக்கெல்லாம் இதே பாடுதான்.

கேள்வி: என் வரைபடத்தில் ஆறுகள் தப்பு என்கிறார் நண்பர். கற்பனை உலகம்தானே, எப்படி ஓடினால் என்ன?

பதில்: நண்பர் சொல்வது சரி. டிராகன் பறப்பதை நம்பும் வாசகர், ஆறு மேடேறுவதை நம்பமாட்டார். அதிகம் பார்க்கும் தவறு, ஒரே ஆறு நடுநிலத்தில் இரண்டாகப் பிரிந்து இரண்டு கடல்களில் விழுவது. தண்ணீர் பள்ளம் தேடி ஓடும். இரண்டு பாதையில் எது கொஞ்சம் ஆழமோ அது காலப்போக்கில் மொத்த நீரையும் இழுத்துக்கொள்ளும். ஆகவே ஆறுகள் போகப்போகச் சேரும். பிரிவது பெரும்பாலும் கழிமுகத்தில்தான். ஏரிக்கும் அப்படியே: வந்து விழும் ஆறுகள் பல இருக்கலாம், வெளியேறுவது ஒன்று. விதிவிலக்கு இல்லாமல் இல்லை. வெனிசுவேலாவில் ஒரினோகோ ஆற்றிலிருந்து பிரியும் காசிகியாரே, ரியோ நெக்ரோ ஆற்றில் சேர்ந்து அமேசான் படுகைக்குப் போய்விடுகிறது. உங்களுக்கும் ஒன்று வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். அதை ஓர் அதிசயமாகக் கதைக்குள்ளேயே யாராவது பேசட்டும்.

வரையும் வரிசையும் முக்கியம். கடற்கரை, மலைத்தொடர், ஆறு, காடு, ஊர், கடைசியில் சாலை. காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று ஓர் அம்புக்குறி போட்டுவையுங்கள். மலையின் அந்தப் பக்கம் மழையும் காடும். மறுபக்கம் மழைமறைவு, அங்கே பாலைவனம் இயல்பாக உட்காரும். ஊரை முதலில் வைத்துவிட்டு ஆற்றை அதன் வாசலுக்கு வளைத்துக் கொண்டுவந்தால், பார்த்ததுமே தெரிந்துவிடும்.

கேள்வி: தூரங்களை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: நடையில் கணக்கிடுங்கள். மூட்டையோடு நடப்பவர் நல்ல பாதையில் நாளுக்கு 25 முதல் 30 கிலோமீட்டர்; மலைப்பாதையில் அதில் பாதி. ஒரு கணக்கு பாருங்கள். தலைநகரிலிருந்து கோட்டை 12 செ.மீ., 1 செ.மீ. 50 கிலோமீட்டர் என்றால் 600 கி.மீ. நடந்தே மூன்று இரவில் நாயகன் அங்கே நிற்கிறான் என்று எழுதியிருந்தால் கதை கிழிந்தது. ஒரு செ.மீ.க்குப் பத்து கிலோமீட்டராகக் குறைத்தால் 120 கி.மீ., நான்கைந்து நாள். ஒரு இரவு கூட்டினால் போதும். ஸ்கேலை வைத்து அளக்காதீர்கள். சாலையின் வளைவுகள்மீது ஒரு நூலைப் படியவைத்து, நூலை நீட்டி அளந்தால்தான் உண்மையான தூரம் கிடைக்கும்.

இன்னொன்று: ‘1 செ.மீ. = 10 கி.மீ.’ என்று அச்சில் எழுதவே வேண்டாம். புத்தக அளவுக்குச் சுருக்கியதும் அது பொய்யாகிவிடும். கோடாக ஒரு அளவுப்பட்டை போட்டால் படத்தோடு சேர்ந்து அதுவும் சுருங்கும்.

கேள்வி: தாளில் அழகாக இருந்தது, அச்சில் எழுத்தெல்லாம் மசி. ஏன்?

பதில்: A3இல் வரைந்து A5க்குச் சுருக்கியிருப்பீர்கள். நீளம் பாதியாகும், 12 பாயின்ட் எழுத்து 6 ஆகிவிடும். தமிழில் ன, ண, ஞ போன்ற சுழியெழுத்துகளின் உட்புறம் அந்த அளவில் மையால் அடைபடும். அச்சில் 8 பாயின்டுக்குக் கீழே போகாதீர்கள். கோட்டுப்படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்யுங்கள். மலைத்தொடர் நெடுகப் பெயரைப் பரப்பும்போது ‘கொ’வின் கொம்பையும் காலையும் தனித்தனியே சிதறவிடக் கூடாது, அது மூன்றும் சேர்ந்து ஒரே எழுத்து. இரண்டு பக்கம் விரியும் படமானால், பைண்டிங் விழுங்கும் நடுமடிப்பில் இரு பக்கமும் ஒரு செ.மீ. காலியாக விடுங்கள். தலைநகரை அங்கே வைத்துவிட்டுத் தவிப்பவர்கள் நிறைய.

கேள்வி: எல்லா இடத்தையும் குறித்தால் கதையின் ரகசியம் வெளிப்பட்டுவிடாதா?

பதில்: அந்த உலகத்தில் யார் வரைந்த படம் என்று முடிவுசெய்யுங்கள்; அவருக்குத் தெரியாதது படத்தில் இருக்காது. 1937இல் வந்த டோல்கீனின் ‘தி ஹாபிட்’ நாவலில் உள்ள வரைபடங்களில் ஒன்று குள்ளர்களுடையது. அதனால், அவர்கள் வழக்கப்படி, படத்தின் உச்சியில் இருப்பது கிழக்கு. அதில் மறைத்து எழுதிய ‘நிலா எழுத்து’களை அதற்குரிய நிலவொளியில்தான் படிக்க முடியும். நீங்களும் திசையை மாற்றுவதாக இருந்தால் திசைகாட்டியைப் பெரிதாகப் போடுங்கள்.