பின்லாந்துக் காடுகளில் பறவை பார்க்க வழிகாட்டி தேவையா, நாமே சுற்றிக்கொள்ளலாமா?

கேட்டவர் தமிழ்நாட்டில் சில வருடங்களாகப் பறவை பார்ப்பவர். அடுத்த கோடையில் பின்லாந்து போக எண்ணுகிறார். வழிகாட்டியோடு போகும் குழுப் பயணம் விலை அதிகமாக இருக்கிறதே, வாடகைக்கு ஒரு காரை எடுத்துக்கொண்டு நாமே சுற்றினால் போதாதா என்பதுதான் கேள்வி.

சதுப்பு நிலங்களை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். காட்டுக்கும் இரவுக்கும் வழிகாட்டி கட்டாயம் வேண்டும். மே கடைசியில் தொடங்கி ஜூன் முதல் பாதி வரை ஒரு சிறு குழுவோடு போய் வந்தவன் நான். தென்கிழக்கில் ரஷ்ய எல்லையை ஒட்டிய பரிக்கலா, அங்கிருந்து மேற்குக் கரையில் ஓலு, கடைசியாகக் கிழக்கே கூசமோ. அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

பின்லாந்தின் நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு காடு. இதைக் கேட்டதும் அங்கே பறவைகள் கொட்டிக் கிடக்கும் என்று தோன்றும். அப்படி இல்லை. ஊசியிலைக் காட்டுக்குள் ஒரு மணி நேரம் நடந்தும் நாலைந்து இனங்களுக்கு மேல் தட்டுப்படாமல் போகலாம். வால்பாறைப் பக்கம் ஒரே மரத்துக்குப் பல வகைக் குருவிகள் கூட்டமாக வந்து போவதைப் பார்த்துப் பழகிய நமக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். குளிர்காலத்தையும் அங்கேயே கழிக்கும் பறவைகளுக்கு உணவு குறைவு. ஒவ்வொரு ஜோடிக்கும் பெரிய பரப்பு தேவைப்படுகிறது. அதனால் அவை தள்ளித் தள்ளித்தான் இருக்கும். எந்த மலைச்சரிவில், எந்த வயதுக் காட்டில், எந்த மணிக்கு என்று தெரிந்தவர் கூட இருந்தால்தான் அவை கண்ணில் படும். கண்ணில் படுவதற்கு முன் காதில் விழ வேண்டும், அது இன்னும் முக்கியம்.

காது என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குப் பரிக்கலாவின் இரவு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பரிக்கலாவில் சீகலாஹ்தி என்று நாணல் அடர்ந்த ஓர் ஆழமில்லாத ஏரிக்கரை இருக்கிறது. நாட்டின் உள்நாட்டுச் சதுப்பு நிலங்களில் பெயர் பெற்ற இடம். ஜூன் தொடக்கத்தில் அங்கே நள்ளிரவிலும் முழு இருட்டு கிடையாது, வடக்கு வானத்தில் வெளிச்சம் தங்கியே இருக்கும். இரவில் பாடும் பறவைகளைக் கேட்பதற்கென்றே அந்த ஊர்க்காரர்கள் பதினொரு மணிக்கு மேல் கிளம்பிப் போவார்கள். காரை வயல் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கதவை அறையாமல் மெல்லச் சாத்திவிட்டு நிற்பார்கள். நாங்களும் அப்படித்தான் நின்றோம். புல்வெளியில் கார்ன்கிரேக் என்னும் பறவை சீப்பின் பல்லை நகத்தால் இழுப்பது போல் விடாமல் கரகரத்தது. நாணலுக்குள் எங்கோ பிட்டர்ன் என்னும் நாணல் குருகு அடித்தொண்டையில் முழங்கியது. அப்புறம் சாலையோரப் புதரில் ஒரு பாட்டு தொடங்கியது. நிதானமான பாட்டு. ஒரு சிறு சுரத்தொடரை எடுத்து, நான்கைந்து தடவை அதையே திருப்பிச் சொல்லி, பிறகுதான் அடுத்ததற்குப் போனது. நடுநடுவே வேறு பறவைகளின் குரலைக் கடன் வாங்கியது. எங்கள் வழிகாட்டி, பள்ளியில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர், விரலை மடக்கி மடக்கி எண்ணினார்: இது பட்டாணிக்குருவியின் குரல், இது தகைவிலான், இது காட்டு உள்ளான்.

எனக்குப் பாட்டு புதிது. ஆனால் ஒவ்வொரு தொடருக்கும் இடையில் "ட்சக், ட்சக்" என்று ஒரு காய்ந்த சத்தம் வந்ததே, அது எனக்கு நன்றாகத் தெரியும். ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை நம் ஊர் வேலிப் புதரில், வாழைத் தோட்டத்தில், கொல்லைப்புற முருங்கை மரத்தடியில் கேட்கிற அதே சத்தம். பிளித் நாணல் கதிர்க்குருவி. ஏறத்தாழப் பன்னிரண்டு கிராம் எடையுள்ள பறவை. பின்லாந்தில் கூடு வைத்துவிட்டு, மேற்கு ஐரோப்பிய இனங்கள் போல் ஆப்பிரிக்காவுக்குப் போகாமல், மத்திய ஆசியா வழியாகக் கிழக்கே வந்து இந்தியாவிலும் இலங்கையிலும் குளிர்காலத்தைக் கழிக்கிறது. கல்கத்தா அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த எட்வர்ட் பிளித் 1849-இல் இதை விவரித்தார், அறிவியலுக்கு அது அறிமுகமானதே இந்தியாவிலிருந்துதான். சென்ற நூற்றாண்டில் படிப்படியாக மேற்கே பரவிப் பின்லாந்தில் நிலைத்திருக்கிறது. நம்மிடம் இருக்கும் மாதங்களில் இது பெரும்பாலும் புதரை விட்டு வெளியே வருவதில்லை, கிளம்புவதற்கு முன் கொஞ்சம் முணுமுணுப்பதோடு சரி. இதன் முழுப் பாட்டு அங்கேதான். வழிகாட்டி அம்மாவிடம் இது எங்கள் வீட்டுப் பின்புறத்துக் குருவி என்று சொன்னேன். "குளிர்காலத்தில் அது என்ன செய்யும், எங்கே தூங்கும், பாடுமா?" என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். அந்த நடு இரவில் அவருக்கு நான் சொல்லவும் சில விஷயங்கள் இருந்தன.

செம்மார்பு ஈப்பிடிப்பான், பச்சைக் கதிர்க்குருவி, செந்தலையோடு வரும் ரோஸ்ஃபிஞ்ச் ஆகியவையும் அதே திசையில் இந்தியாவுக்கு வருபவைதான். நீங்கள் தமிழ்நாட்டுப் பறவையாளர் என்பதால் இந்த நான்கின் பாட்டையும் கேட்பதற்கென்றே பயணத்தின் ஒரு பகுதியை ஒதுக்குங்கள். பலரும் ஆந்தைகளுக்காக நேராகக் கூசமோவுக்கு விமானம் ஏறிவிடுகிறார்கள். தென்கிழக்கு மூலையை விட்டுவிடுவது பெரிய இழப்பு.

சரி, ஆந்தைக்கு வருகிறேன். பெரிய சாம்பல் ஆந்தையைப் பார்ப்பது உங்கள் கையில் இல்லை, வழிகாட்டியின் கையிலும் முழுதாக இல்லை. அது வோல் என்னும் குட்டைவால் எலிகளின் கையில் இருக்கிறது. மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை எலிகள் பெருகும், பிறகு திடீரென்று சரியும். பெருகிய ஆண்டில் ஆந்தைகள் நிறைய முட்டையிடும், சரிந்த ஆண்டில் பல ஜோடிகள் கூடே வைக்காமல் வேறு பகுதிக்குப் போய்விடும். ஆகவே பணம் கட்டுவதற்கு முன், இந்த ஆண்டு அந்தப் பகுதியில் எலி நிலவரம் எப்படி என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்கிறவரோடு போங்கள். "ஆந்தைக்கு நூறு சதவீத உத்தரவாதம்" என்கிறவரை நான் நம்ப மாட்டேன்.

நாங்கள் பார்த்தது ஓலுவுக்குப் பக்கத்துக் காட்டில். அது தானே கூடு கட்டுவதில்லை. பருந்து வகைகள் கட்டிவிட்டுப் போன பழைய குச்சிக்கூட்டில், அல்லது மனிதர்கள் அமைத்துத் தரும் பலகை மேடையில் உட்காரும். அந்தப் பகுதியில் ஆய்வுக்காக ஆந்தைகளின் காலில் அடையாள வளையம் மாட்டும் தன்னார்வலர்களிடம் முன்கூட்டியே பேசி, எவ்வளவு தூரத்தில் நிற்கலாம் என்று கேட்டுக்கொண்டுதான் எங்களைக் கூட்டிப் போனார்கள். பெண் ஆந்தை மேடையில் இருந்தது. ஸ்கோப் என்னும் தொலைநோக்கியில் பார்த்தபோது முகம் முழுக்க, மரத்தின் வெட்டுமுகம் மாதிரி, வட்டத்துக்குள் வட்டமாகச் சாம்பல் கோடுகள். நடுவில் இரண்டு சிறிய மஞ்சள் கண்கள், அவற்றுக்கு இடையில் வெள்ளை நிறத்தில் எதிரெதிராக முதுகு காட்டும் இரு பிறைகள். பார்க்க அவ்வளவு பெரிய உருவம், எடை என்னவோ ஒரு கிலோ, அதற்குச் சற்று மேல், அவ்வளவுதான். மீதி எல்லாம் இறகு. ஆண் ஆந்தை ஓர் எலியோடு வந்தது, கொடுத்தது, போனது. சிறகடித்த சத்தம் துளிகூட இல்லை. உரால் ஆந்தையின் கூட்டுக்கு மட்டும் எங்களை அழைத்துப் போகவில்லை. குஞ்சு இருக்கும் நேரத்தில் அது முகத்தைக் குறிவைத்துத் தாக்கும், வளையம் மாட்டுகிறவர்களே தலைக்கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் ஏறுவார்கள். அப்படி மறுத்ததால் வழிகாட்டி மேல் எனக்கு மரியாதை கூடியது.

லிமிங்கா விரிகுடா ஓலுவுக்குத் தெற்கே அருகில். இங்கே வழிகாட்டி இல்லாமலே போகலாம். மரப்பாதை, பார்வைக் கோபுரங்கள், தகவல் மையம் எல்லாம் இருக்கின்றன. பனியுகத்தில் அழுத்திக் கிடந்த பனிப்பாறையின் பாரம் நீங்கியதால் இந்தக் கரை இன்னும் உயர்ந்துகொண்டே இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கடல் பின்வாங்கப் பின்வாங்கப் புதிய ஈரப் புல்வெளி பிறக்கிறது, கரைப்பறவைகள் அதில்தான் இறங்குகின்றன. பெருங்கொக்குகள், சதுப்புநிலப் பருந்துகள், பாடும் அன்னங்கள் எல்லாம் கோபுரத்திலிருந்தே தெரியும். பாடும் அன்னம் பின்லாந்தின் தேசியப் பறவை, அவர்களுடைய ஒரு யூரோ நாணயத்தில் பறப்பதும் அதுதான். 1950 வாக்கில் நாடு முழுவதிலும் பதினைந்து ஜோடி அளவுக்குச் சுருங்கிப்போய், பாதுகாப்பால் மீண்டு, இன்று ஆயிரக்கணக்கில் இருக்கிறது. கோடியக்கரையில் பழுப்பாக, அடையாளமே இல்லாமல் மேயும் பேதை உள்ளானை இங்கே பாருங்கள். ஆண்களின் கழுத்தில் கறுப்பு, வெள்ளை, செம்பழுப்பு என்று ஆளுக்கொரு நிறத்தில் இறகு மாலை. கூட்டமாக நின்று, சத்தமே போடாமல், பாய்ந்தும் பணிந்தும் பெண்களைக் கவர்கின்றன. நமக்கு வருபவை பெரும்பாலும் சைபீரியப் பக்கத்தவை, ஆனாலும் அதே இனம். மே மாதத்தைத் தாண்டவிடாதீர்கள், ஆண்கள் சீக்கிரமே கிளம்பிவிடும்.

கூசமோவில் வல்தவாரா என்னும் மலைமுகட்டுக்கு அதிகாலை இரண்டு மணிக்கு ஏறினோம். ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தின் உச்சியிலிருந்து பாடும் புளூடெயில் என்ற சிறு பறவைக்காக. நீல வால், ஆரஞ்சு விலா, கண்ணில் பட்டது அரை நிமிடம்தான். எனக்கு அந்த மலையில் மனதில் நின்றது வேறு. பாதையோரம் உளுத்துப்போன ஒரு பிர்ச் மரத்தண்டைத் தொட்டுக் காட்டி, வில்லோ பட்டாணிக்குருவி இப்படிப்பட்ட மக்கிய மரத்தைத் தானே குடைந்துதான் கூடு வைக்கும் என்றார் வழிகாட்டி. ஒழுங்காகப் பராமரிக்கும் வணிகக் காட்டில் உளுத்த மரம் அதிகம் மிஞ்சுவதில்லை. மரத்தை ஒட்டுமொத்தமாக வெட்டி, ஒரே வயதுக் கன்றுகளை நட்டு வளர்த்தால் வரைபடத்தில் அது பச்சையாகத்தான் தெரியும். அந்தக் குருவிக்கு மட்டும் இடம் இருக்காது. ஒரு காலத்தில் எங்கும் இருந்த அந்தக் குருவி, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களைப் பதியும் பின்லாந்தின் 2019 சிவப்புப் பட்டியலில் அருகிவிட்ட இனமாகச் சேர்ந்திருக்கிறது. சைபீரிய ஜே என்னும் காக்கைக் குடும்பப் பறவைக்கும் பழங்காடுதான் வேண்டும், லைக்கன் என்னும் பாசி போன்ற வளரி தொங்கும் கிளைகளிலும் மரப்பட்டை இடுக்கிலும்தான் அது குளிர்காலத் தீனியை ஒளித்துவைக்கிறது. முக்கால் பங்கு காடு என்ற கணக்கை இதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். இதைச் சொல்லித்தராத பயணம் எத்தனை பறவை காட்டினாலும் எனக்குப் போதாது.

வழிகாட்டியிடம் முன்கூட்டியே இன்னொன்றும் கேளுங்கள்: போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பாரா? கூடு வைக்கும் பருவத்தில் ஒவ்வொரு குழுவும் அப்படிச் செய்தால் அந்த ஆண் பறவை இல்லாத எதிரியைத் துரத்தியே களைத்துவிடும். காட்டில் யாரும் எங்கும் நடக்கலாம் என்பது அந்த நாட்டில் எல்லோருக்கும் உள்ள உரிமை. கூடு வைத்த பறவையைத் தொந்தரவு செய்வது அந்த உரிமைக்குள் வராது.

மற்றவை சுருக்கமாக. மே கடைசி, ஜூன் முதல் பத்து நாள் நல்ல காலம், அதற்கு மேல் வடக்கில் கொசு தாங்காது. கருங்காட்டுக்கோழி கூடி ஆடுவதைப் பார்க்க ஆசை என்றால் ஏப்ரல் கடைசிக்குப் போங்கள், அது வேறு பயணம். கையுறை, குளிர்த் தொப்பி ஜூனிலும் வேண்டும். சைவர்கள் கவலைப்பட வேண்டாம், ரை என்னும் தானிய மாவில் செய்த மெல்லிய ஓட்டில் பால்சோறு வைத்துச் சுட்ட கரேலியப் பணியாரம் எந்தக் கடையிலும் கிடைக்கும். இரவு முழுக்க விழித்துப் பகலில் தூங்குவதுதான் நடைமுறை, எனவே பகல் முழுக்க ஊர் சுற்றும் திட்டத்தை இதோடு கலக்காதீர்கள்.

பணம் இடிக்கிறது என்றால் முழுப் பயணமும் குழுவோடு போக வேண்டியதில்லை. பரிக்கலாவில் ஓர் இரவு, ஓலுவில் ஆந்தைக்கு ஒரு நாள், கூசமோவில் ஓர் அதிகாலை என்று உள்ளூர் வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு, மீதிக்கு வாடகைக் காரே போதும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே பறவைக் குரல் பதிவுகள் உள்ள செனோ-காண்டோ இணையதளத்தில் தினமும் இரண்டு மூன்று குரல்களைக் கேட்டு வாருங்கள். மேலே சொன்ன நான்கில் பிளித் நாணல் கதிர்க்குருவியிலிருந்தே ஆரம்பியுங்கள்.