மிடி பேஸ் பெடலை டிஜிட்டல் பியானோல நேரா மாட்டலாமா?

ரோலண்ட் பிகே-5ஏ பெடலை (காலால பேஸ் நோட் வாசிக்கற கட்டை வரிசை) யமஹா பி-125 டிஜிட்டல் பியானோல மாட்டலாமான்னு கேட்டிருக்கீங்க. நேரா முடியாதுங்க, பெடல்ல இருக்கறது பழைய 5 பின் ரவுண்டு மிடி அவுட் (எந்த நோட்டை அழுத்தினோம்னு சிக்னலா அனுப்பற சாக்கெட்), பியானோல யூஎஸ்பி டு ஹோஸ்ட் மட்டும்தான், அது கம்ப்யூட்டர், போன் மாதிரி ஹோஸ்ட் கருவியோடதான் பேசும், பெடலோட நேரா பேசாது.

அதனால நடுவுல ஒரு லேப்டாப் போடுங்க. யூஎஸ்பி மிடி கேபிள்ல ரெண்டு பிளக் இருக்கும், பெடலோட அவுட்ல கேபிளோட "இன்"னு எழுதினதத்தான் மாட்டணும், நான் மாத்திக் குத்திட்டு பெடல் செத்துடுச்சுன்னு அரை நாள் புலம்பினேன். பியானோக்கு சாதா பிரிண்டர் கேபிளே போதும்.

என்னைக் கேட்டா பேஸ் சவுண்டை லேப்டாப்லயே வாசிக்க விட்டுடுங்க, பி-125ல யூஎஸ்பி ஆடியோவும் இருக்கு, அதே கேபிள் வழியா பியானோ ஸ்பீக்கர்லயே வந்துடும். கால் வச்சு லேட்டா கேட்டா லேப்டாப் சாஃப்ட்வேரோட ஆடியோ செட்டிங்ல பஃபரை (சவுண்டை அனுப்பறதுக்கு முன்னாடி சேத்து வைக்கற அளவு) 128 சாம்பிளுக்கு இறக்குங்க.