பல பிள்ளை பெற்றவர்களுக்குப் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு ஏன் கூடலாம்?

குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் 500 மில்லிக்கு மேல் ரத்தம் போனால் அதைப் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு என்கிறார்கள். நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் திறந்தே கிடக்கும். கர்ப்பப்பைத் தசை இறுகி அவற்றை நெரித்து மூடினால்தான் ரத்தம் நிற்கும். ஐந்தாறு பிரசவம் கண்ட தசை, துவைத்துத் துவைத்துத் தொய்ந்த எலாஸ்டிக் மாதிரி, சுருங்கும், ஆனால் பிடிப்பு போதாமல் போகலாம் (எல்லாருக்கும் அப்படி இல்லை, ஆனால் ரத்தசோகையும் சேர்ந்தால் கொஞ்சம் போனாலே உடம்பு தாங்காது). அதற்குத்தான் குழந்தை வந்ததுமே, கர்ப்பப்பையை இறுக வைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி.

"நாலு பெத்தவளுக்கு அஞ்சாவது என்ன பெரிய விஷயம், வீட்டிலேயே ஆயிடும்" என்று தாராவியில் நம்ம ஆட்கள் சிலர் இன்னும் சொல்வதுண்டு. குழந்தை சீக்கிரம் வெளியே வரலாம், சரி, ஆனால் ரத்தம் நிற்பது வேறு கணக்கு, சயான் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கும்போது வீட்டில் எதற்கு இந்தச் சோதனை?